தட்டான்சிட்டும் பெரிய மாடும்

கம்பம் பள்ளத்தாக்கில் உடம்பு பார்த்துப் பிரிப்பது மாட்டுக்குத்தான் உண்டு, மனுசனுக்குக் கிடையாது. மனுசன் சண்டைக்குப் போனால் எதிரே நிற்பவன் எத்தனை கிலோ என்று யாரும் விசாரிப்பதில்லை. எந்தத் தெரு, யார் மகன் என்றுதான் விசாரிப்பார்கள். மாட்டுவண்டிப் பந்தயம் அப்படியல்ல. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு என்று போஸ்டரிலேயே பிரித்துப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தூரம், தனிப் பரிசு. சின்னது சின்னதோடு ஓடும், பெரியது பெரியதோடு ஓடும். வாயில்லா ஜீவனுக்கு இவ்வளவு நியாயம் செய்த ஊர் எங்கள் ஊர்.

என் தாய்மாமன் சின்னமனூர்ப் பக்கம் இப்படிப் பந்தயக் கமிட்டிகளில் வெகுகாலம் இருந்தவர். சொந்தமாக ஒரு ஜோடி நடுமாடும் வைத்திருந்தார். வண்டிகள் பூட்டி வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். கரிச்சான் பிரிவில் ஒரு மாடு நாலு விரற்கடை உயரமாகத் தெரிந்தால் போதும், அங்கேயே நின்றுவிடுவார். மாட்டோடு ஒட்டி நின்று, அதன் திமில் தன் சட்டையின் எத்தனையாவது பொத்தானுக்கு வருகிறது என்று பார்ப்பார். அதுதான் அவருடைய அளவுகோல்.

"இது நடுமாடுப்பா. அவுத்து அந்தப் பக்கம் பூட்டு."

சாரதி கெஞ்சுவார். மாட்டுக்காரர் கத்துவார். போன மாசம் இதே ஜோடி வேறு ஊரில் கரிச்சானில் ஓடியது என்று சாட்சிக்கு நாலு பேர் வருவார்கள். மாமா அசையமாட்டார். "பெரிய மாட்டைச் சின்ன மாட்டோட ஓடவிட்டுட்டு, அது செயிச்சிருச்சுன்னு நான் மாலை வேற போடணுமா?" என்பார்.

அந்த மாமாதான் இன்றைக்கு எண்பது வயதில் சத்தியம் செய்கிறார், அந்தக் காலக் குத்துச்சண்டைச் சாம்பியன் ராக்கி மார்சியானோ திரும்பி வந்தால் இந்தக் கால டைசன் ஃப்யூரியை நாலே ரவுண்டில் படுக்கவைத்துவிடுவாராம்.

ஹெவிவெயிட் குத்துச்சண்டை எங்கள் பக்கம் வந்தது டீக்கடைப் பெஞ்சு வழியாக. எழுபதுகளில் இங்கே டிவி கிடையாது. கொடைக்கானல் மலைமேல் கோபுரம் வந்து படம் தெரிய ஆரம்பித்ததே எண்பதுகளின் பின்பாதியில்தான். ஆகவே அலி, ஃபிரேசியர், ஃபோர்மன் என்று தொண்டை வறள வாதாடியவர்களில் ஒருவர்கூட அவர்கள் விட்ட ஒரு குத்தையும் கண்ணால் கண்டதில்லை. பத்திரிகையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் வரும். அச்சு மை அப்பி, யார் அடிக்கிறார், யார் வாங்குகிறார் என்றே தெரியாது. மிச்சத்தை நாங்கள் நிரப்பிக்கொண்டோம். நேரில் பார்க்காத ஆளுக்கு உயரம் வைப்பது நம் கையில்தானே இருக்கிறது? தாராளமாகவே வைத்தோம்.

1974 அக்டோபர் 30. கின்ஷாசாவில் அலிக்கும் ஃபோர்மனுக்கும் சண்டை. அமெரிக்காவில் ஆட்கள் ராத்திரி உட்கார்ந்து பார்ப்பதற்காக அங்கே விடிகாலை நாலு மணிக்கு மணியடித்தார்கள். நமக்கு அது காலை எட்டரை. உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மாமா வாய்க்கால் மடை திறந்துகொண்டிருந்திருப்பார், நான் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டிருந்திருப்பேன்.

சண்டைக்கு முன்னால் மாமா டீக்கடையில் போட்ட கணக்கு எனக்கு இப்போதும் மனப்பாடம். அலியை 1971இல் ஃபிரேசியர் வென்றார். 1973இல் கென் நார்ட்டன் வென்றார். அந்த ஃபிரேசியரையும் நார்ட்டனையும் ஃபோர்மன் தலா இரண்டே ரவுண்டில் முடித்துவிட்டார். ஃபோர்மனுக்கு வயசு 25, அலிக்கு 32. ஃபோர்மன் ஆடிய 40 சண்டையிலும் தோல்வி கிடையாது. "அலி பாவம்டா மாப்ள. சின்ன ஆளு. பெரிய ஆளு முன்னாடி நிக்க முடியுமா?" என்றார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் விழுந்தார்.

மறுநாள் பேப்பர் வந்ததும் மாமா அலி கட்சியில் சேர்ந்தார். இன்றுவரை அதே கட்சி. அன்றைக்கு அவர் "சின்ன ஆளு" என்ற அலியின் எடை 98 கிலோ, "பெரிய ஆளு" ஃபோர்மன் 100 கிலோ. இரண்டு கிலோதான் வித்தியாசம். எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் வாதத்தில் பாதி ருசி போயிருக்கும்.

1980 தொடக்கத்தில் அலியே இந்தியாவுக்கு வந்தார். டெல்லியில் நம் ராணுவ வீரர் கவுர் சிங்கோடு நாலு ரவுண்டு காட்சிச் சண்டை போட்டார். பிறகு 1982 ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கினாரே, அதே கவுர் சிங்தான். மெட்ராஸில் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு ஆடினார். எல்லிஸும் சாதாரண ஆளில்லை, அறுபதுகளின் கடைசியில் உலக ஹெவிவெயிட் பட்டங்களில் ஒன்றை வைத்திருந்தவர். மாமா மெட்ராஸ் போவதாகப் பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தார். வயலில் வேலை, கையில் காசில்லை, போகவில்லை. ஆனால் காலம் செய்கிற வேலையைப் பாருங்கள். 1990 வாக்கில் "நான் போகாம விட்டுட்டேன்" என்றார். 2000இல் "கூட்டத்துக்குள்ள உள்ளே போக முடியல" என்றார். இப்போது பேரனிடம், அலி மேடையேறும்போது எந்தக் காலை முதலில் வைத்தார் என்றே சொல்கிறார். பேரன் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேட்பதில்லை. நல்ல பிள்ளை.

அந்தப் பேரன் எனக்கு மருமகன் முறை. தேனியில் ஜிம்முக்குப் போகிறான். மாமா காலத்தில் தேகப்பயிற்சிச் சாலை என்று ஒன்று இருந்தது. ஓலைக் கொட்டகை, ரெண்டு கர்லாக்கட்டை, பார் கம்பி, சுவரில் ஆஞ்சநேயர். அதிலிருந்து வருகிறவர்களின் உடம்பு முறுக்கிய கயிறாக இருக்கும், எடை மட்டும் ஏறாது. பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் சீட்டு துப்புகிற எடை மிஷினில் மாமா ஒருநாள் ஏறி நின்றார். சிவப்பு விளக்கெல்லாம் சுற்றி ஓய்ந்தபின் கெட்டி அட்டையில் ஒரு சீட்டு வந்து விழுந்தது. ஒரு பக்கம் 56 கிலோ. மறு பக்கம், எதிரிகள் உங்களைக் கண்டு அஞ்சுவார்கள் என்று பலன். மாமா எடையை மறந்துவிட்டுப் பலனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது மருமகன் ஜிம்மில் டப்பாவிலிருந்து பொடி கலக்கிக் குடித்து, டிஜிட்டல் தராசில் கொழுப்பு எத்தனை சதவீதம், தண்ணீர் எத்தனை சதவீதம் என்று வாசிக்கிறான். எடை 88. ஒருநாள் மாமா மார்சியானோ புராணத்தை ஆரம்பித்தபோது, போனைத் தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "தாத்தா, அவர் 84 கிலோதான். உயரம் அஞ்சு அடி பத்தரை அங்குலம்."

மாமா நம்பவில்லை. போனில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றார். நான் சரிபார்த்தேன், போன் சொன்னது உண்மைதான். 1952இல் ஜெர்சி ஜோ வால்காட்டைப் பதிமூன்றாவது ரவுண்டில் சாய்த்துப் பட்டம் வாங்கிய மார்சியானோ அந்த அளவுதான். 49 சண்டை, 49 வெற்றி, தோல்வியே இல்லாமல் 1956இல் ஓய்வு. அவ்வளவும் 84 கிலோவில். ஜாக் டெம்ப்சி 85. கிட்டத்தட்டப் பன்னிரண்டு வருஷம் பட்டத்தை விடாமல் வைத்திருந்த ஜோ லூயிஸ் 90 சொச்சம். இன்னும் பின்னால் போனால், 1897இல் பட்டம் வென்ற பாப் ஃபிட்சிம்மன்ஸ் 76 கிலோவைத் தாண்டவில்லை.

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி 97 கிலோ. ஜோ லூயிஸைவிடக் கனம், கின்ஷாசா அலிக்கு ஒரு கிலோதான் குறைவு. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு சர்க்கரை மாத்திரை போடும் நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

எல்லாம்தான் பெருத்துவிட்டது. 2010 கடைசியில் மீட்டர் கேஜாகப் போன ரயில், 2022இல் பிராட் கேஜாகத்தான் தேனிக்குத் திரும்பி வந்தது. குத்துச்சண்டைக்காரன் மட்டும் அதே அளவில் இருப்பானா? டைசன் ஃப்யூரி ஆறு அடி ஒன்பது அங்குலம். 2024 மே மாதம் ரியாத்தில் மேடையேறும்போது 119 கிலோ. டிசம்பரில் அதே ஊரில் 127. இன்றைய விதிப்படி 200 பவுண்டு, அதாவது 90.7 கிலோவுக்குள் இருப்பவர் ஹெவிவெயிட்டே இல்லை, குரூசர்வெயிட். மார்சியானோ, டெம்ப்சி, பல நாட்களில் ஜோ லூயிஸ் என எல்லோரையும் வாசலிலேயே நிறுத்தி, மாமா பாஷையில், "அவுத்து அந்தப் பக்கம் பூட்டு" என்றுதான் சொல்வார்கள். அதற்கும் ஹெவிவெயிட்டுக்கும் நடுவே பிரிட்ஜர்வெயிட் என்று 2020இல் ஒரு அமைப்பு இன்னொரு பிரிவையும் கொண்டுவந்தது. 102 கிலோவுக்குச் சற்றுக் கீழே அதற்கு வரம்பு. 1974 அலியும் ஃபோர்மனும் அதற்குள் இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள். உலகையே உலுக்கிய சண்டை, இன்றைய அட்டவணையில் நடுமாடு!

மாமாவை மடக்கிவிட்டதாக மருமகன் நினைத்தான். எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் மாமா பக்கம் சாட்சி இருக்கிறது. அவருக்கே அது தெரியாது என்பதுதான் வேடிக்கை. பெரிய ஆட்கள் நேற்று முளைத்தவர்கள் அல்ல. 1919இல் ஜெஸ் வில்லார்ட் ஆறு அடி ஆறரை அங்குலம், 111 கிலோ. டெம்ப்சி அவரை முதல் ரவுண்டிலேயே ஏழு தடவை தரையில் போட்டார். மூன்றாவது ரவுண்டோடு வில்லார்ட் எழுந்து வரவில்லை. 1933இல் பட்டம் வென்ற இத்தாலிக்காரர் பிரிமோ கார்னேரா 118 கிலோ. மறு வருஷமே மேக்ஸ் பேர் அவரை விழவைத்தார், விழவைத்தார், எண்ணிக்கை பதினொன்றுக்குப் போகும்வரை விழவைத்தார். 1935இல் இருபத்தோரு வயது ஜோ லூயிஸ் அதே கார்னேராவை ஆறாவது ரவுண்டில் முடித்தார். 115 கிலோ ஏப் சைமனையும் லூயிஸ் 1941இல் அடித்துச் சாய்த்தார்.

இதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா! நம்மாளுக அன்னைக்கே மலையைச் சாச்சாய்ங்க."

கொஞ்சம் பொறுங்கள் மாமா என்றேன். அந்த மலைகளுக்கு உடம்பு இருந்தது, வித்தை கம்மி. கார்னேரா சர்க்கஸில் பலசாலி வேடம் போட்டுக்கொண்டிருந்தவர், அங்கிருந்து பிடித்து வந்தார்கள். வில்லார்ட் இருபத்தேழு வயதுக்குப் பிறகுதான் கையுறையே மாட்டினார். இப்போது வருகிற பெரிய ஆட்கள் சின்ன வயதிலிருந்தே பள்ளியில் பாடம் படிக்கிற மாதிரிக் குத்துச்சண்டை படித்தவர்கள். 1984 ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் என்று 91 கிலோவுக்கு மேலே தனிப் பிரிவு வந்ததும், பெரிய உடம்புக்காரப் பையனுக்கு ஒரு தங்கப் பதக்கம் காத்திருக்கிறது என்றாகிவிட்டது. 1988இல் லெனாக்ஸ் லூயிஸ், 1996இல் விளாதிமிர் கிளிட்ச்கோ, 2012இல் ஆன்டனி ஜோஷுவா என்று அந்தத் தங்கத்தை வாங்கியவர்கள்தான் பின்னால் உலகப் பட்டத்தையும் வாங்கினார்கள். எல்லோரும் ஆறரை அடி வாக்கில் உள்ளவர்கள். ஃப்யூரியின் ஆட்டத்தைப் போனில் பாருங்கள். 119 கிலோ உடம்பு இடுப்பை வளைத்து, தலையை ஒதுக்கி, குத்து வருமுன் அங்கே இல்லாமல் போய்விடுகிறது. கார்னேராவால் கனவிலும் ஆகாது.

நான் இதைச் சொல்லி முடித்ததும் மருமகன் நிமிர்ந்தான். அவனுக்கும் கொஞ்சம் பாக்கி வைத்திருந்தேன்.

இப்போதைய பட்டச் சண்டை 12 ரவுண்டு. அலி காலத்தில் 15. 1982 நவம்பரில் கொரியாக்காரர் கிம் டுக் கூ அடிபட்டு இறந்தபின் அமைப்புகள் ஒவ்வொன்றாக 12க்கு இறங்கின. இறக்கியது சரி, உயிர் பெரிது. ஆனால் 127 கிலோவைச் சுமந்துகொண்டு பதிமூன்று, பதினாலு, பதினைந்தாவது ரவுண்டு ஆடவேண்டியதில்லை என்பது பெரிய ஆளுக்குத்தான் வசதி. மார்சியானோ பட்டம் வாங்கியதே பதிமூன்றாவது ரவுண்டில், அதுவரை புள்ளியில் பின்தங்கியிருந்துவிட்டு. 1941இல் பில்லி கான் என்ற லைட் ஹெவிவெயிட்காரர் ஜோ லூயிஸை முந்திக்கொண்டு போய் விழுந்ததும் பதிமூன்றில்தான். இன்றைய சட்டம் அன்றைக்கு இருந்தால் லூயிஸ் தோற்றிருப்பார், மார்சியானோவும் தோற்றிருப்பார்.

அந்த 1941இல் லூயிஸ் தன் பட்டத்தை ஏழு தடவை மேடையில் வைத்தார். ஒரே வருஷத்தில் ஏழு. இன்றைய சாம்பியன் வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒப்பந்தம் பேச ஆறு மாசம், பேட்டியில் திட்டிக்கொள்ள மூன்று மாசம், காயம் என்று தள்ளிவைக்க மூன்று மாசம். பந்தயத்துக்குப் போகாமல் தொழுவத்திலேயே நின்று பருத்தி விதை தின்கிற மாட்டுக்கு உடம்பு போடத்தானே செய்யும்? ஃப்யூரியே நடுவில் ஆடாமல் இருந்த காலத்தில் 180 கிலோ வரை போனதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் ஒரே உடம்பில் காட்டியவர் ஃபோர்மன். 1974இல் 100 கிலோ. பிறகு பத்து வருஷம் சண்டையை விட்டுப் பாதிரியார் வேலை பார்த்தார். திரும்பி வந்து 1994 நவம்பரில், 45 வயதில், 113 கிலோ எடையோடு மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி மறுபடி சாம்பியன் ஆனார். கின்ஷாசாவில் தோற்ற உடம்பு கல்லில் செதுக்கியது. இருபது வருஷம் கழித்து ஜெயித்த உடம்புக்குத் தொந்தி இருந்தது, கால் நகரவில்லை. ஜெயித்தது அந்தத் தொந்திதான். "அலி கிட்ட வாங்குனவன் அவன், அதனாலதான் பாடம் படிச்சிட்டான்" என்று மாமா அந்த வெற்றியையும் அலி கணக்கில் வரவு வைத்தார்.

கடைசியில் ஒலெக்சாண்டர் உசிக் வந்து இரண்டு பேர் வாயையும் அடைத்தார். உக்ரைன்காரர், ஆறு அடி மூன்று அங்குலம், அலியின் அதே உயரம். குரூசர்வெயிட்டில் எல்லாப் பட்டங்களையும் 2018இல் ஒன்றாக்கிவிட்டு மேலே ஏறியவர். 2024 மே 18இல் 101 கிலோ உடம்போடு 119 கிலோ ஃப்யூரியைப் புள்ளியில் வென்றார். டிசம்பரில் மறுபடி வென்றார், இந்தத் தடவை எதிரே நின்றது 127 கிலோ. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் படுக்கப் போட்டார். டுபுவாவுக்கு அவரைவிடப் பத்துப் பதினொரு வயசு குறைவு.

முதல் சண்டையை மறுநாள் மாமா வீட்டில் சுருக்கமாகப் போனில் பார்த்தோம். ஒன்பதாவது ரவுண்டில் ஃப்யூரி கால் தடுமாறிக் கயிற்றுக்குக் கயிறு போய்க்கொண்டிருந்தபோது மாமா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். "பழைய ஆளு சைஸுடா அவன். நான் சொன்னேன்ல?"

"தாத்தா, அவர் 101 கிலோ. கின்ஷாசா அலி, கின்ஷாசா ஃபோர்மன், லூயிஸ் எல்லாரையும்விடக் கூட. உங்க கணக்குல அவரே ராட்சசன்."

"எதுத்தாப்புல நிக்கிறவன் யாருன்னு பாரு. அவனுக்கு இவன் தட்டான்சிட்டு."

இரண்டு பேர் சொன்னதும் சரி. நான் காப்பி குடிக்க உள்ளே போய்விட்டேன்.

நம் நாட்டுக் கதையையும் விட்டுவிடக்கூடாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் சூப்பர் ஹெவிவெயிட் வீரராகப் போன சதீஷ் குமார், முகத்தில் தையலோடு காலிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஜலோலோவ் முன்னால் நின்றார். ஜலோலோவ் ஆறரை அடியைத் தாண்டுவார். சதீஷ் தோற்றார், மூன்று ரவுண்டும் நின்று தோற்றார். அவரைப் பற்றி எங்கள் டீக்கடையில் யாரும் வாதாடவில்லை. பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது. எல்லாம் போனில் கண்முன்னால் தெரிகிற காலம் இது. தபால்தலை அளவு மங்கல் படத்தில் அலியை மலையாக்கிய ஊர், தெளிவான படத்தில் நம் ஆளைக் கவனிக்கவில்லை.

அப்படியானால் யார் ஜெயிப்பார் என்று கேட்பீர்கள். வயது அறுபதைத் தாண்டியவன் என்ற உரிமையில் என் தீர்ப்பைச் சொல்கிறேன். மார்சியானோவை ஃப்யூரியோடு விடமாட்டேன். 84 கிலோவுக்கும் 119 கிலோவுக்கும் போட்டி வைப்பவன் ரசிகனே இல்லை. ஜோ லூயிஸும் உசிக்கும் ஆடட்டும். லூயிஸுக்குக் கை பலம், உசிக்குக்குக் கால் வேகம், பன்னிரண்டு ரவுண்டில் உசிக். அலியும் ஃப்யூரியும் ஆடினால், 12 ரவுண்டு என்றால் ஃப்யூரி, 15 என்றால் அலி. மைக் டைசனின் இருபது வயதை யார் முன்னால் நிறுத்தினாலும் முதல் நாலு ரவுண்டுக்கு நான் டைசன் பக்கம், அதற்கு மேல் போனால் எதிராளி பக்கம். இந்தப் பட்டியலை மாமாவும் ஒப்பவில்லை, மருமகனும் ஒப்பவில்லை.